ஃபங்ஷனுக்குப் போன ஸ்வெட்டர்

மாரண்டஹள்ளி
12.10.89

அன்பு மேரிக்கு வஹிதா எழுதுவது.

நலம். நான் பின்னிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டர் பெங்களூர்க் குளிரைத் தாங்குகிறதா? பாலக்கோட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டைப் அடித்தோம். இப்போது நீ கம்ப்யூட்டர் படிக்கிறாய். நானும் வருகிறேன் என்றால் அத்தா, "அவ்ளோ தூரம் எதுக்கும்மா?" என்கிறார். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை. வகுப்பில் சொல்லித் தருவதை எனக்கும் எழுது.

இன்னொன்று. உன் கடிதத்தில் வரிக்கு வரி பாஞ்சாலி வருகிறாள். அறைத் தோழி அறையோடு நிற்கட்டும்.

உன் வஹிதா

பெங்களூர்
3.11.89

என் வஹிக்கு,

கோபக்காரியே, பாடம் இதோ. இந்தக் கம்ப்யூட்டர் மொழியில் ஒரு பொருளை உருவாக்கும்போதே அதற்கு ஆரம்ப மதிப்பு கொடுத்துவிட வேண்டும். கொடுக்கிற பகுதிக்கு இனிஷியலைஸர் என்று பெயர். கொடுக்காவிட்டால் அந்த இடத்தில் முன்பு கிடந்த குப்பையே மதிப்பாக நிற்கும். பிறகு அந்தப் பொருளை, ஒரு வேலையைச் செய்துதரும் ஃபங்ஷனுக்கு அனுப்பலாம். அப்படி அனுப்புவதுதான் ஆர்க்யுமென்ட். சாதாரணமாக நகல்தான் போகும், நம்முடையது மாறாது. ஒரு குறி சேர்த்து எழுதினால் அசலே போகும். அங்கே செய்கிற மாற்றம் இங்கேயும் நிற்கும். பாஞ்சாலிதான் புரியவைத்தாள்.

அவள் அக்காவுக்கு ஓசூரில் கல்யாணம். உன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனாள். கை நீளமென்று மடித்துத் தைத்துக்கொண்டாள். இதோடு போட்டோ வைத்திருக்கிறேன், பார்.

ராஜமேரி

மாரண்டஹள்ளி
10.11.89

மேரிக்கு,

ஃபங்ஷனுக்கு அனுப்பலாம் என்று படித்ததும், யார் வீட்டு ஃபங்ஷன் என்று குழம்பினேன். போட்டோவைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. ஃபங்ஷனுக்கு அனுப்புவதற்கு ஆர்க்யுமென்ட் என்று பெயர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான். நமக்குள் வந்துவிட்டதே.

நீ அனுப்பியது அசல். உன் தோளையும் கையையும் அளந்துதான் முதல் கண்ணியே போட்டேன். என் இனிஷியலைஸர் அது. அதை அவள் தன் கைக்கு மாற்றிவிட்டாள்.

"ஒரு ஸ்வெட்டருக்கா இவ்ளோ கோவம்? வுடு கண்ணு" என்கிறார் அம்மா. ஸ்வெட்டருக்கில்லை. உன் பக்கத்தில் நான் உட்கார வேண்டிய இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை. ஸ்வெட்டரைத் திருப்பி அனுப்பிவிடு.

வஹிதா

பெங்களூர்
25.11.89

வஹி,

அனுப்பிவிட்டேன். தையலைப் பிரித்துவிட்டேன், தடம் மட்டும் போகவில்லை. அவள் கேட்டதும் எடுத்துக் கொடுத்தது நான்தான். பாஞ்சாலிமேல் தப்பில்லை. இங்கே நன்றாகக் குளிருகிறது. உனக்கு இனி எழுதலாமா, கூடாதா என்று மட்டும் சொல்.

மேரி

மாரண்டஹள்ளி
22.12.89

அன்பு மேரிக்கு,

பார்சலில் இரண்டு ஸ்வெட்டர் இருக்கும். பச்சை உன்னுடையது. கைப் பக்கத்தைப் பிரித்துப் புதிதாகப் பின்னியிருக்கிறேன். உன் அளவு எனக்கு மறக்கவில்லை.

நீலம் பாஞ்சாலிக்கு. போட்டோவைப் பார்த்துக் கண் அளவில் போட்டேன். கையைக் குட்டையாகவே முடித்திருக்கிறேன், மடிக்க வேண்டாம். எந்த ஃபங்ஷனுக்கு வேண்டுமானாலும் அதைப் போட்டுக்கொண்டு போகட்டும். பச்சையைத் தொடக் கூடாது.

மனசு ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே. நீலத்தைப் பின்னும்போதெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டேதான் பின்னினேன்.

அடுத்த பாடத்தை எழுது. அவளிடம் கேட்காமல், நீயே புரிந்துகொண்டு எழுது.

உன் வஹிதா