இரண்டாவது கைப்பிடி

சவுத்போர்ட்
செப்டம்பர் 14, ஞாயிறு

அன்பு மகள் பிலிப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், முழங்காலையும் தோளையும் தனியாக விசாரிக்காதவரை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயல் ஓவனும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெலிங்டனில் இப்போது வசந்தம் தொடங்கியிருக்கும். இங்கே மழை, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. போனிலேயே சொன்னால் ஆகாதா, எதற்கு இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள் என்று கேட்பாய். போனில் ஆரம்பித்தால் உன் அம்மா நடுவில் புகுந்து முடிவை முதலில் சொல்லிவிடுகிறாள். இந்தக் கதையை நான் வரிசையாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் முட்டாள் நான்தான், அது எந்த இடத்தில் என்று உனக்குச் சரியாகத் தெரிய வேண்டும்.

நம் படிக்கட்டு உனக்கு மறந்திருக்காது. இரண்டாம் மாடியிலிருந்து வாசல்வரை முப்பத்தாறு படி, கைப்பிடி ஒரே பக்கம், இறங்கும்போது இடது பக்கம். அம்மாவுக்குத் தூக்க முடியாமல் போனதும் அந்த இடது கைதான். ஏறும்போது கைப்பிடி வலது பக்கம் வந்துவிடுகிறது, மெதுவாக ஏறிவிடுவாள். இறங்கத்தான் வழியில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்த பெண், சுவர்ப் பக்கம் இன்னொரு கைப்பிடி போட்டால் போதும், அரை நாள் வேலை என்றாள். அரை நாள் வேலைக்கு நாங்கள் நாலரை வருஷம் அலைந்தோம். நாம் முப்பத்தொரு வருஷமாக வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, அது வெறும் நினைப்பு. நம்முடையது நீண்டகாலக் குத்தகை, அதிலும் மிச்சம் அறுபத்தெட்டு வருஷம். அடிமனை, கூரை, படிக்கட்டு எல்லாம் யாருடையது என்றால், ஏதோ ஒரு தீவில் தபால் பெட்டி எண் மட்டும் வைத்திருக்கும் ஒரு கம்பெனியுடையது. நம் வீட்டுக்குள்ளேயே சுவர்ப்பூச்சு நம்முடையது, உள்ளே இருக்கும் செங்கல் அவர்களுடையது, அதனால் நான் இத்தனை வருஷமும் படங்களை மாட்டிய ஆணிகளில் முன்பாதி சட்டப்படி சரி, பின்பாதி அத்துமீறல். கைப்பிடிக்கு அனுமதி கேட்டு எழுதினால் கம்பெனி பதிலே போடாது, அவர்கள் வைத்திருக்கும் பராமரிப்பு ஏஜென்ட்தான் போடுவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இவரைப் பார்த்துச் சொன்னதுதான். ஒரு தடவை வரைபடம் கேட்டார், அனுப்பினேன். மரத்தின் வகை கேட்டார், எழுதினேன். அப்புறம் அனுமதியைப் பரிசீலிக்க ஒரு கட்டணம் சொன்னார், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆயிற்று. விற்றுவிட்டுத் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்க்கலாம் என்றால், குத்தகை மிச்சம் குறைவு என்று வாங்க வந்தவர்கள் எல்லாம் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அம்மா அதற்குள் ஒரு குஷனைப் போட்டு உட்கார்ந்து, படிப்படியாக நகர்ந்து இறங்கப் பழகிவிட்டாள். வியாழக்கிழமை முடி திருத்தப் போக மட்டும். எழுபத்திரண்டு வயதில், நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு. நான் முன்னால் குடையோடு போவேன், எதற்குக் குடை என்று கேட்காதே, கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

சட்டத்தைத் திருத்தி எல்லாருக்கும் அவரவர் வீட்டை அவரவருக்கே கொடுக்கப்போகிறோம் என்று பார்லிமெண்ட்டில் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் சொல்கிறார்கள். கொஞ்சம் நிறைவேற்றியும் இருக்கிறார்கள், மீதி எப்போது அமலுக்கு வரும் என்றால் வக்கீலே கூரையைப் பார்க்கிறார். ஆனால் இருக்கிற சட்டத்திலேயே ஒரு வழி இருந்தது. கட்டடத்தில் பாதி வீட்டுக்காரர்கள் சேர்ந்தால் அடிமனையை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், கம்பெனி மறுக்க முடியாது. ஆறு வீட்டில் மூன்று பேர் வேண்டும். நாம் ஒன்று. கீழே முதலாம் எண்ணில் இருக்கும் நர்ஸ் ஃபன்மி, நான் சொல்லி முடிக்கும் முன்னே, எங்கே கையெழுத்துப் போடணும் அங்கிள் என்றாள். இன்னும் ஒருவர். இரண்டு வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விட்டுவிட்டு எங்கோ இருக்கிறார்கள், கடிதம் திரும்பி வந்துவிட்டது. இன்னொருவர் இதெல்லாம் வேண்டாத வேலை என்றுவிட்டார். மிஞ்சியது முதல் மாடி மிஸ்டர் ஹால்சால். ஒன்பது வருஷமாக அவரும் நானும் படியில் பார்த்தால் வானிலையைப் பற்றி ஒரு வாக்கியம் பேசுவோம், அதற்கு மேல் பேசினால் அநாகரிகம். அவரிடம் நேரே போய்க் கேட்பதா? உன் தாத்தா என்னை அப்படி வளர்க்கவில்லை. கடிதம் எழுதினேன். மூன்று தடவை அடித்துத் திருத்தி எழுதினேன். தங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும் என்று தொடங்கி, இப்படி ஒரு யோசனை சிலரிடம் இருப்பதாகத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, தங்களுக்கு எவ்விதக் கட்டாயமும் இல்லை, பதில் போட வேண்டிய அவசியமும் இல்லை, மறுபடியும் மன்னிக்கவும் என்று முடித்து அவர் கதவடியில் தள்ளிவிட்டு வந்தேன். அம்மா நகலைப் படித்துவிட்டு, இதுல எங்க கேட்டிருக்க என்றாள். அதெல்லாம் புரிஞ்சுக்குவார் என்றேன். கிறிஸ்துமஸுக்கு அவரிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது, தங்கள் முயற்சி நல்லபடியாக முடிய வாழ்த்துகள் என்று. பார்த்தாயா, எவ்வளவு நாசூக்காக மறுத்துவிட்டார் என்று அம்மாவிடம் காட்டினேன். வக்கீலிடம் ஃபைலை மூடிவைக்கச் சொல்லிவிட்டேன்.

போன வருஷம் மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை. நான் வாசலில் குடையோடு நிற்கிறேன், அம்மா முதல் மாடித் திருப்பத்துக்கு வரும்போது குஷன் வழுக்கி இரண்டு படி தடதடவென்று இறங்கிவிட்டாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை, ஹால்சால் கதவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். சத்தம் கேட்டு அவர் கதவைத் திறந்தார். ஒரு பெண்மணி படியில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்வது மரியாதையில்லை அல்லவா, அதனால் இன்னைக்கு நல்ல வெயில் என்றார். உன் அம்மா வேல்ஸில் பிறந்தவள், சுற்றி வளைத்துப் பேச வராது, உனக்கே தெரியும். நான் வெயில் காயவா இங்க உட்கார்ந்திருக்கேன், மிஸ்டர் ஹால்சால், இந்தச் சுவத்துல ஒரு கைப்பிடி போட மூணு வருஷமா நாயா அலையறோம், அடிமனை வாங்க உங்க ஒரு கையெழுத்துதான் குறையுது, போடுவீங்களா மாட்டீங்களா என்றாள். கீழே நின்ற எனக்குக் காது சுட்டது. அவர் கதவை முழுக்கத் திறந்து வெளியே வந்தார். அப்புறம், நான் அவ்வளவு நாளும் கேட்காத குரலில், நீங்க என்னைக் கூப்பிடவே இல்லையே அம்மா என்றார். கட்டாயம் இல்லைன்னு எழுதியிருந்தது, ஆள் சேர்ந்தாச்சு, மரியாதைக்குத் தெரிவிக்கிறாங்கன்னு நினைச்சேன், நானா வந்து என்னையும் சேர்த்துக்குங்கன்னு கேட்டா நல்லாவா இருக்கும், அதான் வாழ்த்து அனுப்பினேன் என்றார். ஏழு மாதம், பிலிப்பா. அவர் கீழே பேனாவோடு காத்திருக்கிறார், நான் மேலே வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன், உன் அம்மா நடுவில் குஷனில் நகர்ந்துகொண்டிருக்கிறாள். அவ்வளவு வெட்கமாக இருந்தது எனக்கு. அன்றைக்குப் பிறகு அவள் கீழே இறங்கவே இல்லை. பயந்துவிட்டாள், வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். உங்களைப் பார்க்க வரலாம் என்று நான் பேச்செடுத்தபோது, படி இறங்க முடியாதவளுக்குப் பாஸ்போர்ட் எதுக்கு என்று அதைப் புதுப்பிக்காமலே விட்டுவிட்டாள்.

பணத்துக்கு என்ன செய்தோம் என்று கேட்காதே, கார் எங்கே என்றும் கேட்காதே. வக்கீல்கள் பதினாறு மாதம் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஜூலையில் அடிமனை நம் கைக்கு வந்தது. நாம், ஃபன்மி, ஹால்சால் மூன்று பேரும் சேர்ந்த கம்பெனி, தலைவர் உன் அப்பா. ஆகஸ்ட் முதல் ஞாயிறு ஃபன்மி சமையலறையில் முதல் கூட்டம், டீ, எலுமிச்சை கேக். முதல் பொருள் கைப்பிடி. குத்தகைப் பத்திரம் அப்படியேதான் இருக்கிறது, படிக்கட்டில் கை வைக்கக் கம்பெனியின் அனுமதி வேண்டும், கம்பெனி இப்போது நாங்கள்தான் என்பதால் நான் எனக்கே ஒரு விண்ணப்பம் எழுதி, வந்து சேர்ந்தது என்று எனக்கே பதிலும் போட்டிருந்தேன். சிரிக்காதே. சொந்த விஷயத்தில் தலைவர் இருக்கக்கூடாது, நீங்கள் இருவரும் மனம்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே நடையில் போய் நின்றுகொண்டேன். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது ஆயிற்று. உள்ளே மெதுவான பேச்சு. ஹால்சாலுக்கு ஏதோ ஆட்சேபம் என்று முடிவுகட்டிவிட்டேன். நாற்பதாவது நிமிஷம் மேலேயிருந்து அம்மா, கிளிஃப், என்ன ஆச்சு என்றாள். கடுமையான விவாதம் நடக்குது என்றேன். அவள் மாடிப்படி அதிர, ஃபன்மி, கைப்பிடி வேணுமா வேண்டாமா, கையைத் தூக்குங்க என்றாள். உள்ளேயிருந்து ஃபன்மி, நாங்க எப்பவோ தூக்கியிருப்போம் ஆன்ட்டி, தலைவர் இல்லாம கூட்டத்தை ஆரம்பிக்கலாமான்னுதான் உட்கார்ந்திருக்கோம் என்றாள். அதுவரை அவர்கள் ஹால்சாலின் தக்காளிச் செடியைப் பற்றிப் பேசி, இரண்டாவது கெட்டில் டீயைக் குடித்து, நான் தனிமையை விரும்புகிறேன் போல என்று என்னைக் கூப்பிடாமல் இருந்திருக்கிறார்கள். தீர்மானம் மாடிப்படி வழியாக ஒருமனதாக நிறைவேறியது என்று ஃபன்மி குறிப்பேட்டில் எழுதிவிட்டாள், நான் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை தச்சர் வந்தார். துளை போட்டபோது முதலில் வெள்ளைத் தூள், அப்புறம் சிவப்புத் தூள். முப்பத்தொரு வருஷமாக நான் தொடக்கூடாத செங்கல். நானே பெருக்கினேன், யாரையும் விடவில்லை. அரை நாள்கூட ஆகவில்லை. இப்போது மிதியடி, சைக்கிள், குப்பைத் தொட்டி பற்றிச் சில விதிகள் எழுதிவருகிறேன், பதினொன்று ஆகியிருக்கிறது. அம்மா படித்துவிட்டு, பழைய முதலாளியே தேவலை, அவன் பதிலாவது போட மாட்டான் என்கிறாள்.

நீங்கள் வீடு பார்க்கிறீர்கள் என்று சொன்னாய். சமையலறை அலமாரியைப் பார்த்து மயங்காதே, அடிமனை யாருடையது என்று முதலில் பார். யாரிடமாவது ஏதாவது வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேள், வாயுள்ள பிள்ளை பிழைக்கும், இதை எழுபத்தைந்து வயதில் கற்றுக்கொண்டவன் சொல்கிறேன். ஓவனுக்கு மழைக்கோட்டைப் போட்டு அனுப்பு. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் சொந்தச் சுவருக்குள் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். பல் டாக்டரிடம் போக மறக்காதே. உறையை ஒட்டாமல் அம்மா கையில் கொடுக்கிறேன், அவள் ஏதோ சேர்க்க வேண்டுமாம். தெருமுனைத் தபால் பெட்டியில் போடப்போவதும் அவள்தான். கைப்பிடியில் வார்னிஷ் நேற்றுத்தான் காய்ந்தது. நான் கூட வரக்கூடாதாம், ஜன்னல் வழியாகப் பார்க்கலாமாம்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா கிளிஃபர்ட்

அம்மா எழுதுவது: முதல் மாடித் திருப்பத்தில் தாளைச் சுவரில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். உட்காரவில்லை, நின்றுகொண்டிருக்கிறேன். கோட்டுப் பையில் இன்னொரு உறை இருக்கிறது, அது அப்பாவுக்குத் தெரியாது. என் பாஸ்போர்ட் விண்ணப்பம். இன்னும் பதினெட்டுப் படிதான் பாக்கி.
டிலிஸ்