மருதியிடம் கொடுத்த மாட்டுக்கயிறு குறித்து ஆய்வவைக்கு விடுத்த ஓலை

மலை சூழ்ந்த வெண்கோட்டு நாட்டின் முடிசூடி, உப்பளத் துறைகளையும் நெல்விளை வெளிகளையும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் நன்முல்லைத் தேவியார், ஆதரவுநெல் ஆய்வவையின் முதல்வரும், நுண்ணோக்கர் என்னும் பட்டத்தை நம் கையாலேயே பெற்று இன்றளவும் கூச்சமின்றிச் சுமந்து திரிபவருமாகிய பெருஞ்சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. உமது அவை நலமா? உமது இருக்கையின் மெத்தை நலமா? நலமாகத்தான் இருக்கும். நலிந்தவர் எவரையும் அதன் அருகே நீர் விடுவதில்லையே.

தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர்க்கும், அவரைக் காப்பதற்காகத் தம் பிழைப்பைத் துறந்தவர்க்கும் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து நெல் அளக்க வேண்டும் என்பது எம் தந்தையார் வகுத்த முறை. அளந்து கொடுக்க ஓர் அவை வேண்டுமென்று உம்மை அமர்த்தினோம். நீரோ, கொடுக்காமல் இருப்பதற்கு வழி தேடும் அவையாக அதை ஆக்கிவிட்டீர்.

மருதி என்பவளை உமக்கு நினைவிருக்காது. கீழைத்துறையில் உப்பு வாரிப் பிழைத்தவள்; கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள். அவள் மகன் சேந்தனுக்கு மீசை அரும்பிவிட்டது. பேச்சு மட்டும் சில சொற்களோடு நின்றுவிட்டது. எவர் முகத்தையும் நேரே பாரான், வெறும் சோறன்றி வேறொன்றும் உண்ணான், உரத்த ஓசை கேட்டால் உயிர் போவதுபோல் துடிப்பான். தண்ணீர் என்றால் அவனுக்குக் கொள்ளை ஆசை. கதவு சற்றே திறந்திருந்தால் ஆற்றுக்கு ஓடுவான். ஆழம் எது, கரை எது என்று அறியான். வலைஞர்கள் அவனை மூச்சுத் திணறத் தூக்கிவந்து வாசலில் போட்டதும் உண்டு. அன்றிலிருந்து மருதி உப்பளத்தை விட்டு, களஞ்சியத்திலிருந்து அளந்த நெல்லை நம்பி வீட்டோடு இருந்தாள். நெல் நின்றால் அவள் உப்பளத்துக்குப் போக வேண்டும். அவன் ஆற்றுக்குப் போவான். இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?

ஆயினும் அறுவடைதோறும் வரவேண்டும், குறை தீர்ந்துவிட்டதா என்று காட்டவேண்டும் என்பது உமது கட்டளை. வந்தாள். சும்மா வரவில்லை. புது இடம் கண்டால் மகன் மிரள்வான் என்று, அவை கூடாத காலைகளில் அவனை அழைத்துவந்து, வாயிற்படியைத் தொடவிட்டு, தூணைத் தடவவிட்டு, இந்தக் கல்லில்தான் உட்கார வேண்டும் என்று மெல்ல மெல்லப் பழக்கினாள். அழைப்பு வந்த அன்று அவன் கையில் ஈரத்துணி ஒன்றைக் கொடுத்தாள். அவன் அதைப் பிழிந்துகொண்டு சாதுவாக இருந்தான். அவள் பட்ட பாடெல்லாம் பலித்தது என்று அந்தப் பேதை உள்ளம் குளிர்ந்தாள்.

நீர் இருந்த இடத்திலிருந்தே பேர் என்னவென்று கேட்டீர். "சேந்தன்" என்றான். போதும், ஆராய்ச்சி முடிந்தது! அமைதியாய் அமர்கிறான், பேர் சொல்கிறான், ஆதலால் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்று தீர்ப்பளித்தீர். அடடா, என்ன நுண்ணோக்கு! ஒரு தாய் தன் உயிரைக் கரைத்து வாங்கிய சிறுபொழுது அமைதியை, அவளுக்கு எதிராகவே சாட்சி நிறுத்திய உமது கூர்மையை எந்த நாட்டில் போய்ச் சொல்வோம்?

அவள் மேல்முறையீடு செய்தாள். மேல்முறையீட்டின் முன் முரசறைவது உமது அவையின் வழக்கம். முரசொலி கேட்டால் பொய் நடுங்குமாம். மருதி வாயிலிலேயே உம்மைக் கும்பிட்டு, "ஐயா, முரசு மட்டும் வேண்டாங்க. அவன் தாங்கமாட்டாங்க" என்று கெஞ்சினாள். முரசறைபவனே கோலைத் தாழ்த்திக்கொண்டு உம் முகத்தைப் பார்த்தானாம். நீர் அறையச் சொல்லிக் கையசைத்தீர்.

சேந்தன் அலறினான். தன் கையைத் தானே கடித்துக் குருதி வரச் செய்தான். கல்லில் தலையை மோதினான். மருதி அவன்மேல் குப்புற விழுந்து, தன் முழங்கையைக் கல்லுக்கும் அவன் தலைக்கும் நடுவே கொடுத்தாள். அந்த முழங்கையை நாம் பார்த்தோம்; இன்னும் ஆறவில்லை. நீரோ, போனமுறை சாதுவாக இருந்தவன் இம்முறை ஆடுகிறான், தாய்க்காரி நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று உரைத்தீர். அமைதியாய் இருந்தால் குறையில்லை, அலறினால் நடிப்பு. அப்படியானால் அந்தப் பிள்ளை எப்படித்தான் இருந்து தொலைக்க வேண்டும், சாத்தனாரே?

உப்பளத்துக்குப் போனால் இவனை யார் பார்ப்பது என்று அவள் கேட்டாள். நீர் தொழுவத்திலிருந்து மாட்டுக்கயிறு ஒன்றை வரவழைத்து, கட்டிப்போட்டுவிட்டுப் போ, கயிறு அவையின் கொடை என்றீர். உம்மைச் சூழ்ந்திருந்தோர் சிரித்தனர். சொல்ல உமக்கு வாய் கூசவில்லை. சிரிக்க அவர்களுக்கு வெட்கமில்லை.

மருதி அங்கே அழவில்லை. கயிற்றை வாங்கிக்கொண்டாள். நெல் நின்றது. பானை காலியானது. ஒருநாள் பகலில், மகன் தரையில் படுத்துச் சுவரோடு சிரித்துக்கொண்டிருக்கையில், அவள் கண் தானாகவே கயிற்றிலிருந்து வீட்டுத் தூணுக்குப் போனது. நீளம் எட்டுமா என்று பார்த்தது. தன்னையே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அப்பொழுதே மகன் கையைப் பிடித்துக்கொண்டு அரண்மனைக்குக் கிளம்பிவிட்டாள்.

சேந்தன் நம்மை வணங்கவில்லை. நேரே தாமரைத்தொட்டிக்குப் போய்த் தோள்வரை கையை விட்டுக்கொண்டு சிரித்தான். காவலர் பாய்ந்தனர், தடுத்தோம். மருதி கயிற்றை நம் காலடியில் வைத்தாள். "தாயே, நெல்லு கேட்டு மட்டும் வரலை. இதை வீட்டுல வெச்சிருக்க எனக்குப் பயமா இருக்கு. என்னைக்காவது மனசு விட்டுப்போய்க் கட்டிடுவேனோன்னு பயமா இருக்கு" என்றாள். அரியணையில் அமர்ந்த நாள்முதல் நாம் இத்தனை வெட்கப்பட்டதில்லை.

அக்கயிற்றாலேயே உம்மை முரசு மேடைத் தூணில் கட்டுக என்று ஆணையிட வாயெடுத்தோம். தடுத்தவள் மருதிதான். "வேண்டாம் தாயே. கட்டிக்கெடக்குறது எப்படியிருக்கும்னு என் பிள்ளைக்கும் தெரிய வேண்டாம், அவருக்கும் தெரிய வேண்டாம்" என்றாள். அவள் வாக்கினால் நீர் பிழைத்தீர் என்பதை உமது மெத்தையில் சாயும்போதெல்லாம் நினைவுகொள்க.

ஆகவே நமது ஆணையாவது: சேந்தனுக்குரிய நெல் விட்டுப்போன நாளிலிருந்தே அளக்கப்படுவதாக. தாய் இருக்கும்வரை அவள் கையிலும், அவளுக்குப்பின் அவனைக் காப்பவர் கையிலும் சேர்வதாக. மறுபிறப்பு எடுத்துவிட்டானா என்று அறுவடைதோறும் அவனை எவரும் அழைக்காதிருப்பாராக. முரசை இறக்கிக் களஞ்சியத்தில் வைக்க, எலிகளாவது நடுங்கட்டும். இனி ஒருவரை ஆராய விரும்பினால் அவர் வீட்டு வாசலுக்கு நீரே நடந்துபோய், வீட்டார் காட்டிய இடத்தில் அமர்ந்து, விடியல் முதல் விளக்கேற்றும்வரை வாய் திறவாமல் பார்ப்பீராக. முதல் வாசல் மருதியுடையது. கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டு உட்காரும்.

வெண்கோட்டு முத்திரை இட்டோம். கேட்டோர் ஒழுகுக, ஒழுகாதோர் விலகுக.

மற்றொன்று: இவ்வோலையைப் பட்டுநூலால் கட்டவில்லை. உமது அவையின் கொடையாகிய அந்த மாட்டுக்கயிற்றால், நம் கையாலேயே இறுக்கிக் கட்டினோம். அவிழ்ப்பதற்குள் உமக்கு விரல் நொந்திருக்கும். அது ஒரு பிள்ளையின் காலில் கிடந்திருக்க வேண்டிய முடிச்சு. கயிற்றை உமது இருக்கைக்கு நேர் எதிரே தொங்கவிடுக. அது கண்ணில் படாமல் இனி நீர் எவரையும் நோக்கலாகாது.