நளன் குளத்தில் விட்ட மாத்திரை

ஜனவரி 21, செவ்வாய்

பன்னிரண்டாம் வகுப்புக்கு இன்று செல் இறப்பு. தலைப்பிரட்டையின் வால் மறைவதிலிருந்து தொடங்கினேன். உடம்புக்கு வேண்டாத செல்லுக்கு, செத்துப்போ என்று சமிக்ஞை போகும். அதுவும் அடங்கிச் சாகும். நிலா எழுந்து, "கேக்கலன்னா, டீச்சர்?" என்றாள். புற்றுநோய் என்றேன். பாடம் சொல்லும் குரலில்தான் சொன்னேன். இரண்டு வருடமாக என் வீட்டுக்காரர் மாறனின் ரத்தத்தில் அதுதான் நடக்கிறது. வளரு, வளரு என்று ஒரு சமிக்ஞை ஓயவே மாட்டேன் என்கிறது. தினம் ஒரு மாத்திரை அதன் வாயை அடைத்து வைத்திருக்கிறது.

தெருவில் ஒரு சாவு. ஊர் வழக்கப்படி பட்டினச்சேரியில் எந்தப் படகும் கடலுக்குப் போகவில்லை. மாமியாருக்கு விற்க மீன் இல்லை. அத்தை நாளெல்லாம் மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 8, சனி

பிடித்த சனி விலகட்டும் என்று அத்தை மாறனைத் திருநள்ளாற்றுக்குக் கூட்டிப்போய் நளன் குளத்தில் முழுக்காட்டி வந்தார். உடுத்திப்போன சட்டையையும் கைலியையும் அங்கேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தார்களாம். புதுச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள் என்று கிண்டல் செய்தேன். சிரித்தார்.

மார்ச் 11, செவ்வாய்

புதுச்சேரி ஆஸ்பத்திரி. ரத்தத்தில் நோயின் அளவு ஏறியிருக்கிறது. மாத்திரையை விடாமல் போடுகிறாரா என்று டாக்டர் கபீர் கேட்டார். போடுகிறார் என்று நான் முந்திக்கொண்டேன். மாறன் சுவரைப் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில், கடலூர் தாண்டிச் சொன்னார். மாத்திரை அட்டை குளத்தில் விட்ட சட்டைப்பையில் இருந்ததாம். எடுக்கப்போன கையை அத்தை தட்டிவிட்டாராம். "வுட்டத மறுபடி தொட்டா, புடிச்சது போவாதுடா." அன்றிலிருந்து வீட்டில் இருந்த அட்டையையும் தொடவில்லை. காலையில் என் கண்ணெதிரே தண்ணீரை மட்டும் குடித்திருக்கிறார்.

ஒரு மாதம். நான் உயிரியல் டீச்சர்.

கோபம் வரவேண்டும். வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தேன்.

மார்ச் 12, புதன்

மாறன் மாத்திரை போட்டார். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். அத்தையோடு பேச்சில்லை.

மார்ச் 20, வியாழன்

டாக்டர் போனில் விளக்கினார். மாத்திரையை விட்டதால் நோய் ஏறியிருந்தால், அதே மாத்திரையில் இறங்கிவிடும். செல்லே மாறி, மாத்திரை பொருந்தாதபடி ஆகியிருந்தால் — பிறகு அது கேட்காது. சாகாது. எது என்று மரபணுச் சோதனையில் தெரியும். ஜனவரியில் வழக்கமான சோதனைக்கு எடுத்து வைத்த ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்களாம்.

ஆக, அத்தை செய்த தப்பாக இருக்கவேண்டும். அப்படித்தான் வேண்டிக்கொள்கிறேன். மாமியார்மேல் குற்றம் விழவேண்டும் என்று விளக்கேற்றும் மருமகள் நான் ஒருத்திதானா? நிறைய பேர் இருப்பார்கள். காரணம்தான் வேறு.

மார்ச் 27, வியாழன்

அத்தை விடிவதற்குள் மீன்கூடையோடு போய்விடுகிறார். வந்ததும் சோற்றைத் தனியாகப் போட்டுக்கொண்டு கொல்லையில் உட்காருகிறார். நான் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

சோதனை முடிவு வந்தது. செல் மாறியிருக்கிறது. ஜனவரி ரத்தத்திலேயே மாறியிருந்தது. குளத்துக்குப் போவதற்கு முன்பே.

ஏப்ரல் 4, வெள்ளி

அத்தையிடம் சொன்னேன். உங்கள்மேல் தப்பில்லை, மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் போட்டிருந்தாலும் இது வந்திருக்கும் என்று. நிம்மதியாவார் என்று நினைத்தேன். ஆய்ந்துகொண்டிருந்த மீனை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"என் தப்பாவே இருந்திருக்கக் கூடாதா, பாரதி? மாத்திரையக் குடுத்து சரி பண்ணியிருக்கலாமே."

டாக்டர் சொன்னதை மாறன் அவரிடம் சொல்லியிருப்பார் போல. அவரும் இத்தனை நாளும் இதைத்தான் வேண்டியிருக்கிறார்.

மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம். குழம்பில் உப்பு கூடிப்போயிருந்தது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.

மே 26, திங்கள்

புது மாத்திரை. அத்தைதான் பார்த்துக்கொள்கிறார். அவருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் தண்ணீர்ச் சொம்போடு மகன் முன்னால் வந்து நிற்பார்.

ஜூலை 15, செவ்வாய்

இதற்கும் அது கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று பட்டினச்சேரியில் எந்தப் படகும் கடலுக்குப் போகவில்லை.

எல்லோரும் போன பிறகு அத்தையும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் பாங்கு கேட்டது. அத்தை எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கூடத்து நடுவில் அப்படியே நின்றார். நான் வாங்கிக் குடித்தேன்.