தர்சியின் பார்ட்டிக்கு வெள்ளை வேட்டியோடு வந்த ஊர்

இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. இப்போது கூப்பிட்டால் யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனாலும் வரமாட்டேன் என்கிறது. வயலின் அந்தக் கரையில் நின்றாலும் இந்த ‘இஞ்சாருங்கோ’வுக்குத்தானே திரும்பிப் பார்ப்பீர்கள்? அதனால் அப்படியே தொடங்குகிறேன்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் மகள் ஏ.எல். சோதனையில் எடுபட்டுவிட்டாள். அவள் சோதனை எழுதி முடித்ததைப் பார்த்தீர்கள், மறுமொழி வரும்வரை நிற்கவில்லை. நல்ல மறுமொழி, நல்ல புள்ளிகள். இப்போது கம்பஸும் கிடைத்துவிட்டது. மட்டக்களப்பில், பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்க. சிரிக்காதையுங்கோ. “வயல் செய்யிறதுக்குக் கம்பஸ் என்னத்துக்கு? என்னோடை ஒரு போகம் சேத்துக்குள்ளை நிண்டால் காணும்” என்று சொல்லியிருப்பீர்கள். சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போய், கண்டாவளை முழுக்கக் கேட்கும்படி கத்தியிருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியாதா?

பார்ட்டி வைப்பேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்ததும் நீங்கள்தான். அவள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே தொடங்கிவிட்டீர்கள். “என்ரை பிள்ளை ஏ.எல். பாஸ் பண்ணட்டும், வீட்டு முத்தத்திலை பந்தல் போட்டுக் கிடாய் அடிச்சுப் பார்ட்டி வைக்கிறன்.” நீங்கள் அந்தச் சோதனை எழுத வேண்டிய வருசத்தில் யுத்தத்துக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து மூட்டையோடு வன்னிக்கு நடந்துகொண்டிருந்தீர்கள். அந்தக் குறையை மகளின் பார்ட்டியில் தீர்க்கப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான், மனிசன் அலட்டட்டும் என்று பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தது பிழையாகப் போய்விட்டது. பிறகு நெல்லு வீடு வந்த கிழமை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தீர்கள். எழும்பவில்லை. கிடாயையும் பார்ட்டியையும் என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

இனிச் சிக்கலைக் கேளுங்கோ. கம்பஸ் கிடைத்த செய்தி வந்த அடுத்தநாள், நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறேன், தர்சி வந்து வாசலில் நின்றாள்.

“அம்மா, நான் மட்டக்களப்புக்குப் போகேல்லை. கிளிநொச்சியிலை ஏதும் கோர்ஸ் செய்யிறன். வீட்டிலை இருந்து போய் வரலாம்.”

“விசரே உனக்கு? ஏன்?”

“நீங்கள் தனிய.”

“நான் என்ன குழந்தைப்பிள்ளையே?”

“அப்பாவுக்கு நடக்கேக்கை நான் வீட்டிலை நிண்டனான். நான் நிண்டபடியால்தான் அவர் தனியப் போகேல்லை. நாளைக்கு உங்களுக்கு அப்பிடி ஏதும் எண்டால் ஆர் நிப்பினம்?”

நான் துருவின தேங்காயையே திரும்பவும் துருவிக்கொண்டிருந்தேன். பிடிவாதத்தில் அவள் அப்படியே நீங்கள். கெஞ்சிப் பார்த்தேன், பேசிப் பார்த்தேன், இரண்டு நேரம் சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். அவள் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டுத் தன் பாட்டில் முற்றம் கூட்டுகிறாள்.

அப்போதுதான் உங்கள் பார்ட்டி ஞாபகம் வந்தது. ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, எல்லார் முன்னாலும் ‘என் மகள் கம்பஸுக்குப் போகிறாள்’ என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவள் எப்படிப் போகாமல் இருப்பாள்? வெட்கத்துக்காவது பஸ் ஏறத்தானே வேண்டும்? எனக்கு மூளை இல்லை என்று சொல்வீர்களே, பாருங்கோ!

அதற்குள் உங்கள் அக்கா காதுக்குப் போய்விட்டது. மச்சாள் தன் வளவிலிருந்து எங்கள் வளவுக்கு நடந்து வந்த வேகத்தைப் பார்த்துக் கோழிகள் சிதறின.

“ஆட்டைத்திவசம் முடியேல்லை. வருசம் திரும்ப முதல் பலூன் கட்டப் போறியோ? சனம் காறித் துப்பும்.”

“சனம் துப்பினால் நான் துடைச்சுக்கொள்ளுவன். இது உங்கட தம்பி ஆசைப்பட்டது.”

“அவன் உயிரோடை இருக்கேக்கை ஆசைப்பட்டவன். நீ பார்ட்டி வைச்சியெண்டால் நான் உன்ரை வாசல் படலையும் மிதிக்கமாட்டன்!”

“மிதியாதையுங்கோ. படலைக்கு நல்லது!”

இந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால், தண்ணீர் பார்க்க வேண்டும் என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போயிருப்பீர்கள். இருபது வருசமாக எங்கள் ஒவ்வொரு சண்டைக்கும் உங்கள் வயலில் தண்ணீர் கூடியது. அன்று தப்பி ஓட ஆள் இல்லாமல் இரண்டு பேரும் மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவா போய்விட்டா. எனக்கு அழுகை வந்தது. சண்டைக்காக இல்லை.

வாய்வீரம் பேசினேனே தவிர, ஊருக்குச் சொல்லப் போன இடத்தில் வாய் திறக்கவில்லை. பொட்டில்லாத நெற்றியோடு ஒரு படலையில் நின்று ‘பார்ட்டிக்கு வாங்கோ’ என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வீட்டிலும், “ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கட வீட்டை சாப்பாடு, கட்டாயம் வரவேணும்” என்று மட்டும் சொன்னேன். சொல்ல முன்னமே எல்லார் முகமும் வாடியது. “ஓமோம் பிள்ளை, வராமல் விடுவமே” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். பிள்ளை படிக்கப் போவதற்கு இவ்வளவு உருக்கமா என்று நானும் நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூளை கெட்டவள்!

ஞாயிறு வந்தது. பக்கத்து வளவுச் செல்லையா அண்ணையின் மகன்மார் பந்தல் போட்டார்கள். தர்சியின் சிநேகிதப் பிள்ளைகள் கேக்கும் பலூனும் கொண்டு வந்தார்கள். அவள்தான் வேண்டாவெறுப்பாக ஒரு புதுச் சேலையைச் சுற்றிக்கொண்டு, சிநேகிதிகளுக்காகச் சிரித்துக்கொண்டு நின்றாள். கிடாய் இறைச்சி கிடாரத்தில் கொதிக்கிறது. இறக்குகிற நேரம் என்னை மறந்து, “இஞ்சாருங்கோ, ஒருக்கால் வந்து பிடியுங்கோ” என்று கூப்பிட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற சிநேகிதப் பிள்ளைகள் எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள். உங்களில் அப்படி ஒரு கோபம் வந்தது எனக்கு. பிறகு நானே ஒரு பக்கம் பிடித்து இறக்கினேன்.

சனம் வரத் தொடங்கியது. முதலில் வந்தவர் வெள்ளை வேட்டி. அடுத்து வந்தவரும் வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. பெண்கள் எல்லாம் நிறமில்லாத சேலை, தலையில் பூவில்லை, கையில் ஒரு பொருளில்லை. வந்தார்கள், பந்தலுக்குக் கீழே கதிரைகளில் வரிசையாக இருந்தார்கள், நிலத்தைப் பார்த்தார்கள். தலைக்கு மேலே மஞ்சளும் சிவப்புமாகப் பலூன்.  என்ன நடக்கிறது என்று விளங்காமல் நான் அகப்பையோடு நிற்கிறேன். செல்லையா அண்ணைதான் மெதுவாக எழும்பி வந்தார்.

“பிள்ளை, ஐயர் எப்ப வாறார்?”

“ஐயரோ? என்னத்துக்கு அண்ணை?”

“திவசத்துக்கு... கொஞ்சம் முந்திச் செய்யிறாய்போலை. நாங்களும் காலமை தொடக்கம் மச்சம் மாமிசம் தொடேல்லை.” அவர் மூக்கை உறிஞ்சினார். “ஆனால் ஏதோ இறைச்சிக்கறி மணக்குது.”

எனக்குத் தலை சுற்றியது. துக்க வீட்டு மனிசி வந்து ‘சாப்பாடு’ என்றால் ஊர் வேறு என்ன நினைக்கும்? கோதாரி! உள்ளே இருந்த பெட்டைகள் அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டார்கள்.

அதே நேரம் படலை படாரென்று திறந்தது. உங்கள் அக்கா! மிதிக்கமாட்டேன் என்ற படலையை உதைத்துக்கொண்டு வருகிறா.

“வசந்தி! ஊர் முழுக்க வெள்ளை வேட்டியோடை இஞ்சை வருகுது. என்ரை கூடப்பிறந்தவன்ரை திவசத்தை எனக்குச் சொல்லாமல் செய்யிறியோ?”

“திவசமில்லை மச்சாள். பார்ட்டிதான்.”

பந்தல் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. “அட, பார்ட்டியே!” என்று செல்லையா அண்ணை சொன்னதில் பெரிய ஆறுதல் தெரிந்தது. ஆனால் உங்கள் அக்காவின் முகம் மாறவில்லை. எல்லாரும் அவாவையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். நான் நினைத்த நேரம் இதுதான். துணிந்து சொன்னேன்: “தர்சி கம்பஸுக்குப் போறாள். அதுக்குத்தான் உங்கள் எல்லாரையும் கூப்பிட்டனான்.”

“நான் போகேல்லை” என்றாள் தர்சி.

அத்தனை பேர் முன்னால், ஒரு வெட்கமும் இல்லாமல். யாரோ பாட்டை நிற்பாட்டினார்கள்.

“அம்மா ஆசைக்குப் பார்ட்டி வைச்சவா. எல்லாரும் சாப்பிட்டுப் போங்கோ. ஆனால் நான் அம்மாவைத் தனிய விட்டிட்டு ஒரு இடமும் போகேல்லை. மாமி, நீங்களாவது அவாவுக்குச் சொல்லுங்கோ.”

ஊரைக் கூட்டி அவளைக் கட்டிப்போட நினைத்தவள் நான். அவள் அந்த ஊரையே சாட்சியாக்கிவிட்டாள். இனி யார் சொல்லியும் அவள் மாறப்போவதில்லை. உங்கள் ஆசை, என் ஆசை, அவள் கண் முழித்துப் படித்த படிப்பு எல்லாம் இந்த முற்றத்தில் முடிந்தது என்று நினைத்தேன். அகப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதேன். உண்மையைச் சொன்னால் என்ன? அழுதேன்.

உங்கள் அக்கா என்னைப் பார்க்கவில்லை. நேரே தர்சிக்கு முன்னால் போய் நின்றா.

“ஆரடி சொன்னது கொம்மா தனிய எண்டு? நான் என்ன செத்தே போனன்?”

“நீங்கள் உங்கட வீட்டிலை எல்லோ மாமி...”

“நாளைக்கு இஞ்சை வாறன். என்ரை கோழியளோடை வாறன். நீ படிச்சு முடியுமட்டும் இஞ்சைதான் கிடப்பன். காணுமோ?” பிறகு அவாவின் குரல் இறங்கியது. “எனக்கும் அங்கை தனியக் கிடக்கப் பயமாத்தான் இருக்கு, பிள்ளை. ஆரிட்டைச் சொல்லுறது?”

இருபது வருசத்தில் உங்கள் அக்கா பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. தர்சி என்னைப் பார்த்தாள். ஊரே என்னைப் பார்த்தது. என் கறியில் உப்புக் கூட என்று கலியாணம் முடித்த நாளிலிருந்து சொல்லிவரும் மனிசியை என் குசினிக்குள் எடுப்பதா? ஐயோ, அத்தனை வேட்டிக்கும் முன்னால் நான் எப்படி மாட்டேன் என்பது?

“வாங்கோ மச்சாள்” என்றேன். நாலு பேர் கைதட்டினார்கள். தர்சி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “அப்ப நான் போறன் அம்மா” என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் பல்லுத் தெரியச் சிரித்தாள்.

கேக் வெட்டப் போன நேரம் மச்சாள் மறித்தா. வாழையிலை எடுத்து உங்கள் படத்துக்கு முன்னால் விரித்து, சோறும் கறியும் தன் கையால் வைத்தா. “அவனுக்கு எலும்புத்துண்டுதான் விருப்பம்” என்று கிடாரத்துக்குள் தேடி எடுத்தா. கடைசியில் ஒரு கேக் துண்டையும் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “முதல் அவன் சாப்பிடட்டும். இனிப் பாட்டைப் போடுங்கோடி” என்றா. வெறுங்கையோடு வந்ததற்கு வெட்கப்பட்டுச் செல்லையா அண்ணை தன் சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்துத் தர்சிக்குக் கொடுத்தார். காலையிலிருந்து மச்சம் தொடாத மனிசர் சாப்பிட்ட சாப்பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கிடாரம் கழுவின மாதிரி இருந்தது.

தர்சி போய்விட்டாள். பரந்தன் சந்தியில் பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். வரும் வழியெல்லாம் உங்கள் அக்கா, நான் அழுத விதம் பிழை என்று சொல்லிக்கொண்டு வந்தா. பின்னேரத்தில் பிள்ளை மட்டக்களப்பிலிருந்து போன் எடுப்பாள். எடுத்ததும் முதல் கேள்வி, “சண்டை பிடிச்சனீங்களோ?” நாங்கள் சண்டை பிடித்தால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவாளாம். வந்துவிடுவாள், உங்கள் பிள்ளைதானே!

போன கிழமை பருப்புக்கறியில் தொடங்கி உங்கள் அம்மா வரை போய்விட்டது கதை. மச்சாள் கோழிகளைக் கூடைக்குள் அடைத்துக்கொண்டு படலைவரை போய்விட்டா. போன் அடித்தது. “மாமி எங்கை?” என்றாள் பிள்ளை. “குளிக்கிறா” என்றேன். மச்சாள் கூடையோடு ஓடிவந்து போனைப் பறித்து, “ஓம் பிள்ளை, இப்பத்தான் குளிச்சிட்டு வாறன், தலையிலை தண்ணி சொட்டுது” என்றா. கூடைக்குள் சேவல் கூவியது. போனை வைத்ததும் இரண்டு பேரும் நிலத்தில் இருந்து சிரித்தோம். உங்களுக்குப் பிறகு இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புக் கேட்கவில்லை.

சண்டை பிடிக்கமாட்டேன் என்று வாக்குத் தந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே தரக்கூடிய வாக்கைத் தருகிறேன். பிள்ளை படித்து முடியும்வரை உங்கள் அக்காவை இந்தப் படலை தாண்ட விடமாட்டேன். அவா கோழிக்கூடையோடு நின்றாலும் குறுக்கே விழுந்து மறிப்பேன். பிள்ளை படித்து முடித்து வந்த பிறகு? அதை அவாவுக்கு மட்டும் சொல்லிவிடாதையுங்கோ. அதற்குப் பிறகும் விடமாட்டேன்.

உங்கட மனிசி,
தர்சியின் அம்மா,
உங்கட அக்காவுக்கு வாய்த்த மச்சாள்.