மன்றத்தில் நான் பேசியது

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி வெட்டி வைத்திருக்கிறேன். பெரியவனின் இடுப்பளவை மட்டும் எழுது. போன வருஷ அளவை நம்பித் தைத்தால் முதல் நாளே பிரிந்துவிடும்.

என் மாடி அறையில் தங்கியிருக்கும் உன் வீட்டுக்காரர் எப்படியிருக்கிறார் என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் ராஜா மாதிரி இருக்கிறார் என்றேனே, அது பொய். உன் குரலைக் கேட்டால் உண்மை வாயில் வராது. அதனால்தான் கடிதம்.

அவருடைய கால்பந்து அணி கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமைக் கணக்குப்படி இன்னும் மூன்று ஆட்டம். ஜெயிக்காவிட்டால் அடுத்த வருஷம் கீழ்ப்பிரிவில்தான் ஆட வேண்டும். அன்றுதான் ரசிகர் மன்றம் பள்ளிக்கூட ஹாலில் கூடியது, கோச்சாக உன் வீட்டுக்காரர் இருக்கலாமா போகலாமா என்று கை தூக்கிச் சொல்ல. மன்றம் சொன்னால் கிளப் நிர்வாகம் கேட்கும். டிக்கெட் வாங்குகிறவர்கள் அல்லவா! தலைவர் ஒரு பஸ் கண்டக்டர். எல்லோருக்கும் அவர் 'விசில்'. அவர் என்னைப் பார்த்து, "நீங்கதான் வீட்டு ஆளு, நீங்க சொல்லுங்க" என்று மைக்கை நீட்டிவிட்டார்.

இருபது வருஷமாக மன்றத்தில் இருக்கிறேன், ஒருநாள்கூட மைக் பிடித்ததில்லை. பிடித்ததும் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை எப்படி உழைக்கிறார் என்று சொல்லத்தான் எழுந்தேன், சத்தியமாக. மாடி அறையிலிருந்து விடிவதற்குள் இறங்கி வந்து, என் வெட்டுமேசையில் பதினொரு ஆட்டக்காரர்களுக்குப் பதினொரு பட்டன்களைப் பரப்பி நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார் என்றேன். ஆட்டத்தன்று காலையில் மூன்று தடவை ஆடுகிறவர்கள் பட்டியலை அடித்து எழுதினார் என்றேன். ஒருநாள் அந்த மேசையிலேயே தலைவைத்து அழுதார் என்றும் சொல்லிவிட்டேன். "பட்டனை வச்சா டீம் எடுக்கிறாரு?" என்று யாரோ கத்த, ஹாலே சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

பிறகு, போகட்டும் என்று ஹால் முழுக்கக் கைகள் உயர்ந்தன. இருக்கட்டும் என்றும் பத்துப் பேர் தூக்கினார்கள். என் கை இரண்டுக்கும் உயரவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறந்து மாப்பிள்ளையைக் கெடுத்தேன்.

புதன்கிழமை ஆட்டத்தில் கேலரியிலிருந்து அவர்மேல் பட்டன்களாக வந்து விழுந்தன. அன்று காலை என் தையல்கடையிலேயே இரண்டு பேர் பட்டன் வாங்கிப் போனார்கள். எதற்கென்று நான் கேட்கவில்லை. அவர் ஒன்றைக் குனிந்து எடுத்துப் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார், மறுபடி ஆட்டத்தைப் பார்த்தபடி நின்றார். தோற்றோம்.

மறுநாள் டீ குடிக்கும்போது, "மன்றத்துல யாரு மச்சான் சொன்னது?" என்று கேட்டார். தெரியவில்லையே மாப்பிள்ளை என்றேன். விடியற்காலையில் அந்த மேசையைப் பார்த்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். அவருக்குத் தெரியாதா? நானே சொல்லட்டும் என்றுதான் கேட்டிருக்கிறார். டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அதன்பிறகு அவர் விடியற்காலையில் இறங்கி வருவதில்லை.

திங்கட்கிழமை நிர்வாகம் முடிவு சொல்லும். விடுமுறைக்குப் பிறகு நீங்கள் எல்லோரும் இங்கேயே வந்துவிடலாம் என்று, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். உன்னிடம் சொல்ல வேண்டாம், நேரில் காட்டுகிறேன் என்றார். அதையும் நானே சொல்லிவிட்டேன், பார்.

இந்தக் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் மாடிப்படி ஏறப்போகிறேன். உனக்குத் தெரியப்போகிறது என்றால் அவரிடம் சொல்லாமல் திரும்பி இறங்க எனக்கு வழியிருக்காது. அப்படியும் நான் சொல்லாமல் போனால், உன் அண்ணனுக்குத் துணிச்சல் வரவில்லை என்று நீயே அவரிடம் சொல்லிவிடு. சொல்லிவிட்டேன் என்றால், எனக்காக அவரிடம் பரிந்து பேசாதே. அவர் வீட்டுக்கு வந்ததும் எதுவும் கேட்காமல் தூங்கவிடம்மா.

நீயும் அவரும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அண்ணன்