மகஜரில் நான்காவது வரி

பத்திரகாளியம்மன் துணை

விஸ்வநத்தம்,
18-9-1963.

டில்லிப் பட்டணத்தில் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் என் பேரன் சிரஞ்சீவி தங்கச்சாமிக்கு அப்பத்தா பொன்னுத்தங்கம் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அப்பா, அம்மா எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு வாரம் ஒரு கடிதம் போடவும்.

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த மகஜரும் வந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது. பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு, கீழே எழுதுகிறேன். இங்கே பட்டாசு சீசன் நெருக்கடி. தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. மூன்று நாளாக மேகம் மூடிக்கொண்டு வெயிலே இல்லாததால் மருந்து காயவில்லை என்று உன் அப்பா வானத்தைப் பார்த்தே சோறு தின்கிறான். விருதுநகர் லாரி இரண்டு லோடுக்காக வந்து நிற்கிறது. உன் அம்மா செல்லத்தாய் பருப்புப்பொடியும் கருப்பட்டி மிட்டாயும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறாள். மிட்டாயை ஆபீசில் எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டு நீ வெறும் கையோடு நிற்காதே.

நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை வாசித்தேன். நம் தொகுதித் தலைவர் சீனிவாசகம் ஐயாவுக்கு வருகிற குடியரசு நாளுக்கு டில்லியில் பெரிய பட்டம் கொடுக்க ஏற்பாடு நடக்கிறது, அதற்கு ஊர் மக்கள் மகஜர் வேண்டும், முதல் கையெழுத்து அப்பத்தா போட்டால் மதிப்பாக இருக்கும் என்று அவருடைய செக்ரட்டரியே உன் அறைக்கு வந்து சொன்னதாக எழுதியிருந்தாய். உன் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தவர் அவர். தை மாதம் உன் வேலை நிரந்தரமாக வேண்டும். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் பேரன் டில்லியில் டைப் அடிக்கிறான் என்று நான் சொல்லாத வீடு இந்த ஊரில் இல்லை. தெரியாத வீட்டிலும் தண்ணீர் கேட்கிற சாக்கில் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா பெத்தணன் என்ன செய்தான் தெரியுமா? பட்டம் வந்தேவிட்டது போல, ஐயா படம் போட்டு சரவெடிக்கு லேபிள் அடிக்க சிவகாசி அச்சாபீசுக்கு ஆர்டர் கொடுக்கப் போய்விட்டான். அச்சாபீஸ்காரர் கேட்டாராம்: "அண்ணாச்சி, ஐயா மூஞ்சியப் போட்டா தீபாவளியன்னைக்கு வெடிச்சுச் சிதறுமே. மறுநாள் தெருவெல்லாம் மிதிபடுமே. அவரு ஆளுக நம்மளச் சும்மா விடுவாகளா?" உன் அப்பா அப்படியே திரும்பி வந்துவிட்டான். இப்போது பழைய கிளிப் படமே போகிறது.

நானும் கையெழுத்துப் போடத்தான் பேனாவை எடுத்தேன். நம் கணக்கப்பிள்ளை அதற்குள் நம் பட்டாசு ஆபீசில் வேலை செய்கிற பெண்களிடமெல்லாம் கைநாட்டு வாங்கி, மேலே எனக்கு முதல் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. எழுத்துக் கூட்டி வாசித்தேன். முதல் வரி, சிவகாசிக்கு ரோடு போட்டது. உண்மை. முன்னே மழைக்காலத்தில் மாட்டுவண்டி அச்சு முறிந்து நின்ற பாதை, இப்போது பஸ் வருகிறது. இரண்டாவது வரி, குடிதண்ணீர்க் குழாய். உண்மை. உன் அம்மாவின் இடுப்பைக் கேட்டால் சொல்லும். மூன்றாவது, உயர்நிலைப் பள்ளிக்கூடம். அதுவும் உண்மை. நான்காவது வரி, "சாதி மத பேதமின்றிச் சகல மக்களையும் ஒரு குடும்பமாக இணைத்தவர்" என்றிருந்தது. அங்கேதான் என் கை நின்றுவிட்டது.

தங்கச்சாமி, நீ ஐந்தாம் வகுப்பு படிக்கிறபோது நம் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து உன்னை நடுவில் நிறுத்தி, விருதுநகரில் உன் சித்தப்பா வீட்டில் விட்டோம். ஏன் அப்பத்தா என்று நீ அழுதாய். விருதுநகர்ப் பள்ளிக்கூடம் பெரிசு, மாடி வைத்தது என்று சொன்னேன். நான் உன்னிடம் சொன்னது பொய்.

அது ஐம்பத்திரண்டாம் வருஷம், முதல் தேர்தல். ஐயாவை எதிர்த்து நின்றவர் தேவாசீர்வாதம் என்று ஒரு வக்கீல், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். நல்ல மனுஷன், கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. ஓட்டு அவர் பக்கம் சாய்கிறது என்று தெரிந்ததும் ஐயா நம் ஊர் மந்தைத் திடலில் மேடை போட்டுப் பேசினார். வேதக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளுக்கு எழுத்தா சொல்லித் தருகிறார்கள், பெற்றவர்களை மறக்கச் சொல்லித் தருகிறார்கள் என்றார். அவர்கள் கடையில் உப்பு வாங்காதே, அவர்கள் வீட்டுப் பலகாரத்தை வாயில் வைக்காதே என்றார். கடைசியில், "அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கிறவன் நம்மாள் இல்லை" என்று சொன்னார். அதுவரை தீபாவளிக்கு நம் வீட்டு அதிரசம் அவர்கள் வீட்டுக்கும், கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டு முறுக்கு நம் வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தது. இரண்டு பண்டிகைக்கும் பட்டாசு நம் ஆபீசிலிருந்துதான். அப்படி இருந்த ஊர், அவர் பேசி முடிப்பதற்குள் கை தட்டியது. நானும் தட்டினேன். ஆரத்தி எடுத்தவளும் நான்தான்.

மறுநாள் காலை முதல் ஆளாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனவளும் நான். நீ இசபெல் டீச்சர் முன்னால் நின்று ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாய். உன் கையிலிருந்த சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு உன்னை இழுத்து வந்தேன். இசபெல் வாசல் வரை வந்தாள். "அக்கா, இன்னும் மூணு மாசந்தானே. பரீச்சை எழுதிட்டுப் போகட்டுமே" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெத்தணன் ஆத்தாவே பேரனைக் கூட்டிப் போய்விட்டாள் என்று அன்று சாயங்காலத்துக்குள் ஊரே பிள்ளைகளை நிறுத்தியது. நாற்பத்திரண்டு பேர் இருந்த பள்ளிக்கூடத்தில் மிஞ்சியது பதினொன்று. அடுத்த வருஷம் அதுவும் மூடியாயிற்று.

இசபெல் யார் என்று உனக்குத் தெரியும். அதே பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவள் என்பது தெரியாது. அவள் அப்பா சுந்தர்ராஜ் வாத்தியார்தான் எனக்கு மணலில் விரல் பிடித்து எழுதச் சொல்லிக் கொடுத்தவர். பெண்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று என் அப்பா நிறுத்தப் போனபோது, வீடு தேடி வந்து ஐந்து வரை முடிக்கட்டும் என்று மன்றாடியவரும் அவர். அவர் மகள் என்னிடம் மூன்று மாதம் கேட்டாள். நான் கொடுக்கவில்லை.

நீ விருதுநகருக்குப் போனாய், வசதி இருந்தது. மற்றப் பிள்ளைகள் பட்டாசு ஆபீசுக்குப் போனார்கள். கணக்கில் உன்னை முந்துவாளே மூக்கம்மாள், அவள் நம் ஆபீசில்தான் பதினோரு வருஷமாக மத்தாப்புக்கு மருந்து முக்குகிறாள். அந்தப் பள்ளிக்கூடத்தை இப்போது காகிதக் குழாய் வைக்கிற கிட்டங்கியாக நாம்தான் வாடகைக்கு வைத்திருக்கிறோம். சுவரில் கரும்பலகை அப்படியே இருக்கிறது. அதில் கணக்கப்பிள்ளை குழாய் எத்தனை குரோசு என்று எண்ணி எழுதுகிறார். மகஜரில் ஏழாவதாக இருப்பது மூக்கம்மாள் கைநாட்டு. பாதி மையும் பாதி வெள்ளிப்பொடியுமாக மினுங்குகிறது பார்.

ஐயா ஜெயித்தார். அதற்கப்புறம் அப்படி ஒரு பேச்சு அவர் பேசியதே இல்லை. அவருடைய பேத்தி இப்போது மதுரையில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, படிக்கட்டும். ஆனால் அன்று சொன்னது தப்பு என்று இந்த மந்தைக்கு வந்து அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மகஜரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மிளகாய் வற்றல் வாங்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, விருதுநகருக்கு பஸ் ஏறினேன். ஐயா போட்ட ரோட்டில்தான் போனேன். இசபெல் அங்கே ரயில்வேயில் வேலை பார்க்கிற தம்பி இன்பராஜ் வீட்டில் இருக்கிறாள். பதினோரு வருஷம் கழித்து அவள் வீட்டு வாசலை மிதித்தேன். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும், "வாங்க அக்கா, வெயில்ல வந்திருக்கீக, மோர் குடிக்கீகளா" என்றாள், நேற்றுத்தான் பார்த்தது போல. உன்னைக் கேட்டாள். ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டு வந்தால் நிற்பானே, டில்லியில் சமாளிக்கிறானா என்றாள்.

மகஜரைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டீச்சர் இல்லையா, சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரோட்டுக்கு ஒரு டிக். குழாய்க்கு ஒரு டிக். உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு டிக். நான்காவது வரியில் ஒரு கோடு இழுத்தாள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. அவர் பேசியதையும் கீழே எழுதிவிடுவோம், டில்லிக்காரர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "எழுதுங்க அக்கா. ஆனா அவரு பேசினத மட்டும் எழுதாதீக. சிலேட்டப் பிடுங்கினது யாருன்னும் எழுதுங்க. அம்புட்டையும் எழுதினா நானும் கையெழுத்துப் போடுதேன்."

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. பெரிய வீட்டுக்காரி தேடி வந்திருக்கிறாள், ஆறுதலாக ஒரு வார்த்தை பேசக் கூடாதா என்று நினைத்தேன். மோரைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மிளகாய் வற்றலும் வாங்கவில்லை, அதற்கு உன் அம்மாவிடம் ஒரு பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கிட்டங்கிக்குப் போய் அந்தக் கரும்பலகை முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து எழுதினேன். எழுதியது இதுதான்:

"மேற்படி ஐயா 1952 தேர்தலில் எங்கள் ஊர் மந்தையில் பேசி வேதக்காரரையும் மற்றவரையும் பிரித்தார். அவர் பேச்சைக் கேட்டு என் பேரனை முதலில் பள்ளியை விட்டு நிறுத்தியவள் நான். அதனால் பள்ளி மூடியது. ரோடும் குழாயும் உயர்நிலைப் பள்ளியும் அவர் செய்தது நிஜம். இதுவும் நிஜம். பொன்னுத்தங்கம்."

மறுபடி பஸ் ஏறினேன். இசபெல் வாசித்தாள். கீழே ஒரு டிக் போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். மோர் கொடுத்தாள், இந்தத் தடவை முழுதும் குடித்தேன்.

மூக்கம்மாளையும் கூப்பிட்டு, எதற்குக் கைநாட்டு வைத்தாய் தெரியுமா என்று கேட்டேன். கணக்கப்பிள்ளை வைக்கச் சொன்னார் என்றாள். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டி, உனக்கு எழுதத் தெரியுமே, பேரை எழுதுகிறாயா என்று பேனாவை நீட்டினேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பேனாவைப் பார்த்தாள். "எதுக்கும்மா, வெரலே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். இருக்கிறபடியே அனுப்புகிறேன்.

ஐயாவுக்குப் பட்டம் கொடுக்கலாமா கூடாதா என்று என்னைக் கேட்டால், ரோட்டுக்கு அவர் பேரை வைக்கட்டும், குழாயடியில் கல்வெட்டு நடட்டும், நானே பூப்போடுகிறேன். ஆனால் தேசத்தின் பட்டம் என்றால் தேசத்தில் இசபெலும் மூக்கம்மாளும் உண்டு. அவர்கள் பேராலும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். நடந்ததெல்லாம் தெரிந்து, அதற்கப்புறமும் கொடுப்பதானால் டில்லி கொடுக்கட்டும். மறைத்து வாங்கித் தர என் கையெழுத்து உதவாது. அந்தக் கையெழுத்தே அந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டது. சிலேட்டைப் பிடுங்கிய எனக்கும் இந்த ஊரில் இத்தனை நாள் கிடைத்த மரியாதை கொஞ்சம் கூடுதல்தான்.

உன் அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். பையன் வேலை போய்விடும் என்று சத்தம் போட்டான். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்தவன், காலையில் இரண்டு பங்கு தின்றான். கிட்டங்கியைக் காலி செய்து மிஷன்காரரிடம் திருப்பிக் கொடு என்று நான் கேட்டதற்கு மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. சீசன் முடியட்டும், விடமாட்டேன்.

மகஜர் இந்தக் கவரிலேயே இருக்கிறது. இதை செக்ரட்டரியிடம் கொடுத்தால் அவர் முகம் மாறும். உன் வேலைக்கும் இடைஞ்சல் வரலாம். அது தெரிந்தேதான் அனுப்புகிறேன், அதற்காக என்னைத் திட்டிக்கொள். கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம். நீ இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, இந்தத் தடவை உன் கையிலிருந்து நான் எதையும் பிடுங்க மாட்டேன். கிழித்துவிட்டால், கிழித்தேன் அப்பத்தா என்று ஒரு கார்டு போட்டுவிடு. அழ மாட்டேன். கொடுக்காமலே கொடுத்தேன் என்று மட்டும் எழுதாதே. மாடி வைத்த பள்ளிக்கூடம் என்று நான் உன்னிடம் சொன்ன ஒரு பொய் போதும் நம் வீட்டுக்கு.

குளிர் வருகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தீபாவளிக்கு வந்துவிட்டுப் போ. வருகிற வழியில் விருதுநகரில் இறங்கி இசபெல் டீச்சரைப் பார்த்து, ஏழாம் வாய்ப்பாட்டை முழுசாகச் சொல்லிவிட்டு வா. நான் பாதியில் நிறுத்தியதை நீ முடித்தால், நூறு வயது நன்றாக இருப்பாய் ராசா.

இப்படிக்கு,
உன் அப்பத்தா
பொன்னுத்தங்கம்