பதினேழாம் எண்

மார்ச் 4, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று இரண்டு லென்ஸ்களைத் தப்பாகத் தேய்த்துவிட்டேன். முதலாளி தானே உட்கார்ந்து புதிதாக இரண்டைத் தேய்த்துக் கொடுத்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது. மனசு முழுக்க அந்த இசைத்தட்டு.

பழைய இசைத்தட்டுகளின் ஏலப் பட்டியலில் அறுபத்திரண்டாவது பொருள். தம்பி இருபத்திரண்டு வயதில் நண்பர்களோடு சேர்ந்து கைக்காசு போட்டு, தானே பாடிப் பதிவு செய்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. அதில் கிதார் வாசித்தவர் பின்னால் பெரிய ஆளாகிவிட்டார், அதனால் சேகரிப்பவர்கள் இதற்காக அலைகிறார்கள். இருப்பது இந்த ஒரு பிரதிதானாம். பட்டியலில் கிதார்காரர் பெயர் கொட்டை எழுத்தில். கீழே பொடி எழுத்தில்: 'பாடியவர்: தெரியவில்லை.'

வீடு மாறும்போது இதைப் பெட்டியோடு பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்தவள் நான்தான். அப்போது தம்பிக்குக் குரல் இருந்தது. புற்றுநோய் என்று குரல்வளையை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. போன் வீடியோக்களில் அவன் பேசுவது இருக்கிறது. பாடியது எங்கேயும் இல்லை.

வாங்கி அவன் கையில் கொடுக்கணும். வேற எதுவும் வேண்டாம் எனக்கு.

மார்ச் 7, வெள்ளி

பழைய இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழியிடம் போனேன். இது மூடிய உறை ஏலமாம். ஆளுக்கு ஒரு தாள், அதில் ஒரே ஒரு தொகை. அடுத்தவர் எவ்வளவு எழுதினார் என்று தெரியாது, மாற்றவும் முடியாது.

"முழுசா ஐம்பதாயிரம்னு எழுதாதடி. பாதிப் பேர் அங்கதான் வந்து நிப்பாங்க. ஐம்பத்தோராயிரத்து முந்நூறுன்னு எழுது" என்றாள். "உனக்கு அது எவ்வளவு பெறும்னு யோசிக்காத. மத்தவனுக்கு எவ்வளவு பெறும்னு யோசி."

மத்தவனுக்கு அது கிதார். எனக்கு?

மார்ச் 8, சனி

உறையை ஒட்டி அனுப்பிவிட்டேன். தம்பி குறிப்பேட்டில் எழுதிக் காட்டினான்: 'ஏன் சாப்பிடல?' வயிறு சரியில்லை என்றேன்.

மார்ச் 13, வியாழன்

முடிவு வந்தது. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அதிகமான முதல் இரண்டு தொகைகளுக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் அந்த இருவருக்கும் மட்டும் இணையத்தில் நேரடிப் போட்டியாம். நான் ஒன்பதாம் எண். எதிராளி பதினேழு. சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு.

தோழியிடம் போனில் அழுதேவிட்டேன். "கடைசி நொடியில பாஞ்சு போடுற வித்தை இதுல செல்லாது. யார் தொகை போட்டாலும் இன்னும் மூணு நிமிஷம் கூடிக்கிட்டே போகும்" என்றாள். "நீ யோசிக்கவே யோசிக்காத. அவன் போட்ட கையோட போடு. பெரிசா தாவு. இவ எதுக்கும் துணிஞ்சவன்னு அவன் நடுங்கணும்."

பணம் தேவைப்பட்டால் தரவா என்றும் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாங்கிப் பழக்கமில்லை.

மார்ச் 15, சனி

போச்சு.

கடையின் பின்னறையில், தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏலம் கேட்டேன். அவள் சொன்னபடியே, பதினேழு போட்ட மறுநொடி நான் போட்டேன். அறுபதாயிரத்திலிருந்து ஒரே தாவலில் தொண்ணூறாயிரம். பதினேழு ஒவ்வொரு முறையும் கடைசி பத்து விநாடி வரைக்கும் காத்திருந்துதான் போட்டது. தயங்குகிறது, இதோ விட்டுவிடும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். விடவில்லை.

ஓய்வுக்காலத்துக்கு என்று போட்டு வைத்த வைப்புத்தொகை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அதையும் எழுதினேன். மூன்று நிமிடம் கழியும் நேரத்தில், ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம்.

மறுபடி மூன்று நிமிடம். சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்துவிட்டது.

யார்ரா நீ? உனக்கு எதுக்குடா அது? அலமாரியில வெச்சு வர்றவன் போறவன்கிட்ட பீத்திக்கவா?

மார்ச் 20, வியாழன்

தலைவலி என்று சொல்லி மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தம்பி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு அட்டைப் பெட்டி. அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் 'பொருள் 62. எண் 17.' அவனைச் சுற்றிக் கறுப்புத் துண்டுகள். காலால் மிதித்து உடைத்திருக்கிறான். விரலில் ரத்தம்.

"பதினேழு... நீயாடா?"

எனக்கு எப்படித் தெரியும் என்றுகூட அவனுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. எழுதினான்: 'டிரம்ஸ் அடிச்சவன்தான் பட்டியலை அனுப்பினான். எவனோ ஒருத்தன் வீட்டுல நான் பாடிட்டே இருப்பேன்னு நினைச்சா மூச்சு முட்டுது, அக்கா. யாருக்கும் கிடைக்கக் கூடாதுன்னு வாங்கினேன்.'

தாளைத் திருப்பி அடுத்த பக்கம்: 'ஒரு பைத்தியம் விடாம ஏத்திவிட்டுச்சு. பேசற கருவி வாங்க வெச்சிருந்த பணம், ஆபீஸ்ல குடுத்த பணம், எல்லாம் போச்சு.'

"அந்தப் பைத்தியம் நான்தான்டா."

அவன் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கழுத்துத் துளையில் காற்று மட்டும் சீறியது.

மார்ச் 21, வெள்ளி

நேற்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. அவனால் முடியாது. என்னால் முடியவில்லை.

மார்ச் 24, திங்கள்

வைப்புத்தொகையை உடைத்தேன். ஏலத்தில் நான் தோற்றதால்தானே அது மிச்சம். கருவிக்குச் சொல்லியாகிவிட்டது.

ஏப்ரல் 19, சனி

கடைக்குப் போன் வந்தது. யாரோ தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். வைக்கப் போனேன்.

"அக்கா."

கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டேன். கருவியைக் கழுத்தில் வைத்து நாலு நாளாக, நான் இல்லாத நேரமாகப் பார்த்துப் பழகியிருக்கிறான்.

"சொல்லுடா."

"அன்னைக்கு எவ்வளவு வரைக்கும் போயிருப்ப?"

"ஒரு லட்சத்து நாப்பது. அதுக்கு மேல ஒரு பைசா இல்லடா என்கிட்ட."

மறுபடி அந்தத் தகரக் குரல்: "நான் நாப்பத்தஞ்சோட சரி. நீ இன்னும் ஒரே ஒரு தடவை போட்டிருந்தா விட்டிருப்பேன்."

தோழி தரவா என்று கேட்டாளே.

"யார்கிட்டயாவது கேட்டு வாங்கியிருக்கலாம்ல, அக்கா."

அந்தக் கருவியில் வருத்தம் வராது, கோபம் வராது, சிரிப்பும் வராது. எல்லாம் ஒரே மாதிரி. என்னைத் திட்டினானா, தன்னையே நொந்துகொண்டானா, தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

"சாயங்காலம் சீக்கிரம் வா" என்றான். "வரும்போது பேட்டரி வாங்கிட்டு வா. நாலு."

ஆறு வாங்கினேன்.